கத்திக்குத் தெரியக் கூடாதது

எங்கள் தெருவில் சலூன் வைத்திருப்பவருக்கு ரேடியோ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு ஏதோ, அதை அவரே மறந்திருப்பார். காலையில் ஷட்டரைத் தூக்கும்போது ஆரம்பிக்கும் பேச்சு இரவு ஷட்டரை இறக்கும்போதுதான் ஓயும். கடையில் ஆள் இல்லாவிட்டாலும் எதிரில் கண்ணாடி இருப்பதால் அவருக்குத் துணைக்குக் குறைவில்லை. நான் பக்கத்துத் தையல் கடைக்காரி. இரண்டு கடைக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். அவர் பேசியதெல்லாம் என் காதில் விழுந்தே தீரும். அந்த வாயை மட்டும் யாராவது என்னிடம் கொண்டுவந்து கொடுத்திருந்தால், கூலி வாங்காமல் இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்திருப்பேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது அவரைப் பற்றி இல்லை, அவர் மனைவியைப் பற்றி. நான் அக்கா என்று கூப்பிடுவேன். தரை துடைக்கும் வேலை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அதுதான். எங்கே உட்கார்ந்தாலும் ஒரு காலை நீட்டிக்கொண்டு, முழங்காலை நீவிக்கொண்டுதான் உட்காருவாள். எதைக் கேட்டாலும் "ம்" என்பாள். ரொம்பப் பேசினால் "சரி" என்பாள். இரண்டு பேருக்குமாகச் சேர்த்து ரேடியோ பேசிவிடுகிறார், அவளுக்கு மிச்சம் வைப்பதில்லை என்று தெருவே கேலி செய்யும். ஊமை என்று நினைத்துப் பாத்திரக்காரன் ஒருவன் அவளிடம் சைகையில் பேரம் பேசியதும் உண்டு.

போன மாதம், அக்கா வேலை பார்த்த ஆபீசின் முதலாளி, கட்டடக் கான்ட்ராக்டர், செத்துப்போனார். வயதாகி, வீட்டுக் கட்டிலில், பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சுற்றி நிற்க, வலி எதுவும் இல்லாமல். ரேடியோ அரை நாள் கடையை மூடிவிட்டு அழுதுகொண்டே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "தங்கமான மனுஷன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எத்தனையோ வருடமாக அந்த மனுஷனுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் முகம் மழித்துவிட்டவர் அவர். அழுகை வரத்தான் செய்யும்.

அன்று மத்தியானம், அவர் சாவு வீட்டிலிருந்து திரும்புவதற்கு முன்பே, அக்கா என் கடைக்கு வந்தாள். தைக்க எதுவும் கொண்டுவரவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, காலை நீட்டி உட்கார்ந்தாள். "இனிமே யாரும் யாரையும் ஒண்ணும் பண்ண முடியாது. உன்கிட்ட சொல்லிடறேன். இவருக்கு மட்டும் தெரியக் கூடாது" என்றாள். நான் மெஷினை நிறுத்தினேன். அக்கா வாயிலிருந்து இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் வந்து நான் கேட்டதில்லை.

அது நடந்து பல வருடம் ஆகிறது. அப்போது அவள் கான்ட்ராக்டரின் ஆபீசில் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். முன்பக்கம் ஏறக்குறைய முடிந்த கட்டடம், அதில்தான் ஆபீஸ். பின்பக்கம் இன்னொரு கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே காவலுக்கு ஒரு வாட்ச்மேன் இருந்தார். கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும், அதனால் அவருக்கு விசில் என்றே பெயர். வெளியூர்க்காரர். மனைவியும் பிள்ளைகளும் ஊரில். வேலை முடிந்ததும் நேராக ரேடியோ கடைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார். ரேடியோவின் பேச்சு அளவு மீறிப் போனால் விசிலை எடுத்து ஒரு ஊது ஊதுவார், ரேடியோ நின்றுவிடும். கடையே சிரிக்கும். நானும் இந்தப் பக்கத்திலிருந்து சிரிப்பேன். அந்த வாயை நிறுத்தத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

ஒரு சாயங்காலம் ஆட்களெல்லாம் போன பிறகு அக்கா மாடிப்படித் திருப்பத்தில் நின்று மாப்பைப் பிழிந்துகொண்டிருந்தாள். அங்கே ஜன்னல் இன்னும் வைக்கவில்லை, வெறும் ஓட்டை. அதன் வழியாகப் பின்கட்டடம் தெரியும். கீழே கான்ட்ராக்டரும் விசிலும் நின்றுகொண்டிருந்தார்கள். "சிமெண்ட் மூட்டை வெளிய போறது நல்லா இல்ல சார். கட்டடத்துக்காரர் வந்து கேட்டா நான் என்ன சொல்றது?" என்று விசில் கேட்டார். சண்டை போடும் குரல் இல்லை. யோசனை கேட்கும் குரல்தான். கான்ட்ராக்டர் இரண்டு கையையும் அவர் நெஞ்சில் வைத்து ஒரு தள்ளுத் தள்ளினார். பின்னால் லிஃப்டுக்குத் தோண்டிய குழி. கம்பிகள் நட்டு வைத்திருந்தார்கள். விழுந்த விசில் கத்தக்கூட இல்லை என்றாள் அக்கா. கான்ட்ராக்டர் குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு டிரைவரைக் கூப்பிட்டார்.

அக்கா வாளியைக் கீழே போடவில்லை. மாப்பைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு முன்வாசல் வழியாக வந்துவிட்டாள். மறுநாள் அவள் வேலைக்குப் போனபோது குழிக்குள் கான்கிரீட் இறங்கிக்கொண்டிருந்தது. கொட்டியவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அடியில் மணல் போட்டு மேடு பள்ளம் தெரியாமல் நிரவியிருந்தது, அவ்வளவுதான். விசில் சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்கு ஓடிவிட்டான் என்று கான்ட்ராக்டர் எல்லோரிடமும் திட்டிக்கொண்டிருந்தார்.

"ஸ்டேஷனுக்குப் போயிருக்கலாமே அக்கா" என்றேன்.

"எந்த ஸ்டேஷனுக்கு? இன்ஸ்பெக்டர் வீட்டு மாடியக் கட்டிக் குடுத்ததே அந்தாளுதான்டி. கட்டி முடிச்சதும் தரையத் தேச்சுக் கழுவிவிட்டவ நான்."

சரி, புருஷனிடமாவது சொல்லியிருக்கலாம் என்று நான் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? ரேடியோவிடம் சொன்னால் தெருவிடம் சொன்ன மாதிரி. ஒரு தடவை கணக்கு எழுதுகிற பையன் ஒருவன் வேலையை விடப் போகிறேன், யாரிடமும் சொல்லாதீர்கள் என்று அவர் காதோடு சொன்னான். அவன் கழுத்துத் துணியை உதறுவதற்குள் அது பெஞ்சில் காத்திருந்த அவனுடைய முதலாளிக்கே தெரிந்துவிட்டது. ரேடியோ கெட்டவர் இல்லை. ஒரு விஷயத்தை உள்ளே வைத்துக்கொள்ள அவருக்கு இடம் இல்லை, அவ்வளவுதான்.

வாயைக்கூட ஏதாவது செய்து அடக்கிவிடலாம். அக்கா பயந்தது அவர் கையைப் பார்த்து. மனதில் கவலையோ பயமோ இருந்தால் ரேடியோவின் கத்தி நடுங்கும். அவர் மகள் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் இருந்த அன்று எங்கள் தெரு ஆண்களில் பாதிப் பேர் தாடையில் பஞ்சை ஒட்டிக்கொண்டு திரிந்தார்கள். வெட்டுப்பட்ட இடத்தில் தேய்க்க வைத்திருந்த படிகாரக் கட்டி அன்றைக்கே கரைந்துபோனது. "மனசுல ஒண்ணு இருந்தா கத்தி காட்டிக் குடுத்துடும்" என்று அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வார். ஆனால் கோபம் வந்தால் நேர் எதிர். கடை வீட்டுக்காரரோடு மல்லுக்கட்டிவிட்டு வந்த நாளில்தான் அவர் கை கல்லு மாதிரி நிற்கும். ஒருத்தருக்கும் ஒரு கீறல் விழாது. இதை அவர் கவனித்ததில்லை. அக்கா கவனித்திருந்தாள்.

ஒருநாள் விட்டு ஒருநாள் கான்ட்ராக்டர் வந்து அந்த நாற்காலியில் தலையைப் பின்னுக்குச் சாய்த்துக் கழுத்தைக் காட்டுகிறார். அந்தக் கழுத்துக்குச் சொந்தக்காரன் என்ன செய்தவன் என்று தெரிந்துவிட்டால் ரேடியோவின் கை சும்மா இருக்குமா? சிநேகிதனுக்காக ஒரேயடியாக இழுத்துவிடலாம். இல்லை, பயத்தில் நடுங்கி ஒரு கீறல் போடலாம். அந்த ஒரு கீறல் போதும், கான்ட்ராக்டர் கண்ணைத் திறந்து கண்ணாடியில் இவர் முகத்தைப் பார்த்துவிடுவார். அதற்குப் பிறகு எந்தக் கட்டடத்தின் எந்தக் குழியோ. அதனால் அக்கா வாயை மூடிக்கொண்டாள். முதலிலேயே அதிகம் திறந்த வாய் இல்லை என்பதால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

விசில் போன பிறகு ரேடியோவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம போவானா? நான் என்ன குறை வெச்சேன்?" என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் புலம்பினார். விலாசம் தெரியுமா என்று தபால்காரரைக் கேட்டார், டீக்கடையில் கேட்டார், விசிலை ஒரு தடவை பார்த்தவனையும் விடவில்லை. ஒருநாள் வீட்டுக்குப் போய்க் கையைக் கழுவிக்கொண்டே அக்காவிடம் சொன்னாராம்:

"இன்னிக்கு ஒரு வேடிக்கை கேளு. கான்ட்ராக்டர் சாருக்கு ஷேவ் பண்ணிட்டிருக்கேன். விசிலோட ஊர் விலாசம் உங்ககிட்டயாவது இருக்கா சார்னு கேட்டேன். அவ்வளவுதான், தொண்டைக்குழி குபுக்குனு ஏறி இறங்குது! நல்லவேளை, கத்திய எடுத்துட்டேன். இல்லேன்னா வெட்டியிருக்கும்."

"அப்புறம்?" என்றாள் அக்கா.

"அப்புறம் என்ன? பாவம், அவருக்கும் மனசுல வருத்தம் இருக்கும்ல. உன்னைக்கூட விசாரிச்சார்."

"என்னையா?"

"ஆமா. உன் சம்சாரம் காலையில மட்டும்தான் வருவாங்களா, சாயங்காலமும் உண்டான்னார். அவளுக்கு ஏது சார் காலை சாயங்காலம், எப்பப் பார்த்தாலும் அங்கதான் துடைச்சிட்டிருப்பான்னேன். சிரிச்சார்."

அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.  அவர் நிறுத்தாமல், "நாளைக்கு வருவார்ல, அவரையே கூட்டிக்கிட்டு ஸ்டேஷனுக்குப் போய் ஆளைக் காணோம்னு எழுதிக் குடுத்துடலாம்னு இருக்கேன். பெரிய மனுஷன் கூட வந்தா உடனே தேடுவாங்க" என்றார்.

பாவி மனுஷன்! கேட்டுக்கொண்டிருந்த எனக்கே, இத்தனை வருடம் கழித்து, எழுந்து போய் அவர் மண்டையில் இஞ்சுடேப்பால் ஒன்று போடலாம் போலிருந்தது. அக்காவுக்கு அப்போது யோசிக்க இருந்தது மிச்ச வெங்காயத்தை நறுக்கி முடிக்கும் நேரம்தான். கெஞ்சினால் ஏன் என்று கேட்பார். அதட்டினால் அதையும் நாளைக்குக் கடையில் சொல்வார். அவர் தெருவில் பேசாத விஷயம் ஏதாவது உண்டா என்று தேடிப் பார்த்தாள். ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

"அந்தாளப் பத்தி இனிமே பேசாதீங்க" என்றாள்.

"ஏன்?"

"என் கையப் புடிச்சு இழுத்தான்."

ரேடியோ துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிட்டே வந்தார். "யாரு? விசிலா?"

"ம். துடைக்கப் போனப்போ. உங்ககிட்ட சொல்றேன்னேன். அதான் பயந்து ஓடிட்டான்."

எதற்காக ஓடினான், ஏன் சொல்லாமல் ஓடினான் என்ற இரண்டு கேள்விக்கும் அதிலேயே பதில் இருந்தது. அக்காவுக்குப் பொய் சொல்லிப் பழக்கம் இல்லை. அழுகை வந்தது. வெங்காயம் இருந்ததால் அதற்குக் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. ஆனால் அவர் அந்தக் கண்ணீரைப் பார்த்து முழுசாக நம்பிவிட்டார். அன்றைக்கு வீட்டில் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தடுப்புக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. உடம்பு சரியில்லையோ என்று எட்டிப் பார்த்தேன். கான்ட்ராக்டர் வந்து உட்கார்ந்தார். "என்னப்பா, உன் சிநேகிதன் சேதி ஏதாவது உண்டா?" என்று அவராகவே கேட்டார். "அந்த நாயப் பத்தி என் கடையில பேசாதீங்க சார்" என்றார் ரேடியோ. கான்ட்ராக்டர் சத்தமாகச் சிரித்தார். இவ்வளவு சிரிக்க இதில் என்ன இருக்கிறது என்று அப்போது எனக்குப் புரியவில்லை. கத்தி வழுக்கிக்கொண்டு போனது. ஒரு கீறல் இல்லை.

அப்படித்தான் அக்கா புருஷனைக் காப்பாற்றினாள். காப்பாற்றியதற்கு அவளுக்குக் கிடைத்தது என்ன என்று கேட்டால் சொல்கிறேன். ரேடியோ கொஞ்ச நாளில் பழையபடி பேச ஆரம்பித்தார், எல்லோரிடமும். வீட்டில் மட்டும் திடீர் திடீரென்று, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "ஏன் அப்பவே சொல்லல?" என்பார். இன்னொரு நாள், "அவன் ஜோக் சொன்னா நீயும்தான் சிரிப்ப" என்பார். அத்தோடு விட்டுவிடுவார், அடிக்கிற, திட்டுகிற ஆள் இல்லை. ஆனால் அது வருடக்கணக்கில் வந்துகொண்டே இருந்தது. அக்கா தெருவில் ஆண்கள் முன்னால் சிரிப்பதை நிறுத்தினாள். பிறகு பெண்கள் முன்னாலும் நிறுத்தினாள். நாங்கள் அவளை ஊமை என்று கேலி செய்தது அதற்குப் பிறகுதான்.

வேலையை விடவும் முடியவில்லை. விட்டால் கான்ட்ராக்டர் ஏன் என்று யோசிப்பார். பின்கட்டடம் முடிந்து லிஃப்டும் வந்தது. தரையோடு சேர்த்து லிஃப்டையும் துடைக்கச் சொன்னார்கள். அக்கா துடைத்தாள். கதவு, கண்ணாடி, பித்தான், உள்ளே தரை. குனிந்து தரையைத் துடைக்கும்போது எதன் மேல் நின்று துடைக்கிறோம் என்று ஒவ்வொரு நாளும் நினைவு வரும் என்றாள். ஒரு நாளாவது மறந்துபோகுமா என்று பார்த்தாளாம், மறக்கவில்லை. முழங்கால் போய்விட்ட பிறகும் அவள் அந்தக் கட்டடத்தில் மாடிப்படியில்தான் ஏறினாள். மூட்டு வலிக்கு லிஃப்டில் போனால் என்ன என்று மேனேஜர் திட்டுவார். பயம் என்பாள்.

"அலுத்துப்போச்சுடி. தூங்கி எழுந்தாலும் போகாத அலுப்பு. உடம்பு வேலைன்னா செஞ்சு முடிச்சிடலாம். இது முடியவே மாட்டேங்குது" என்றாள்.

"அதான் கான்ட்ராக்டர் போயாச்சே. இனிமே ரேடியோ அண்ணன்கிட்ட சொல்லிடலாமே" என்றேன். "உங்களைச் சந்தேகப்படறதாவது நிக்கும்."

அக்கா முழங்காலை நீவினாள். "விசிலோட சம்சாரம் வந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள். "நான் இப்பச் சொன்னா, தான் அன்னிக்கு என்ன பண்ணோம்னு இவருக்குப் புரிஞ்சிடும். அதை இவர் தாங்க மாட்டார். இவரைக் காப்பாத்தினதுக்கு அர்த்தமே இல்லாம போயிடும்."

எனக்கு நினைவில்லாமல் என்ன? அந்த அம்மா முதலில் என் கடைக்குத்தான் வந்தாள். விசில் காணாமல் போய் ஒரு வருடம் ஆகியிருக்கும். வெயிலில் நடந்து முகமெல்லாம் கன்றிப்போய், தோளில் ஒரு பை. தண்ணீர் கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "சலூன் வெச்சிருக்கறவர், ரொம்பப் பேசுவாராமே, அவர் கடை எதுங்க?" என்று கேட்டாள். பக்கத்துக் கடையைக் காட்டினேன். காட்டியதோடு நில்லாமல் பின்னாலேயே போய் வாசலில் நின்றேன். வேடிக்கை பார்க்கும் குணம் எனக்கு உண்டு.

கடையில் வாடிக்கைக்காரர் யாரும் இல்லை. அக்கா மத்தியானச் சாப்பாடு கொண்டுவந்திருந்தாள். அந்த அம்மா வாசற்படியிலேயே நின்று, ரேடியோவைப் பார்த்து நிம்மதியாகச் சிரித்தாள். "அண்ணே, நீங்கதானா? ஊருக்கு வந்தா உங்க பேச்சுதான் அவருக்கு. நீங்க பேசறத அப்படியே பேசிக் காட்டுவார், புள்ளைங்க விழுந்து விழுந்து சிரிக்கும். அவரைக் காணோம்ணே. ஆபீஸ்ல கேட்டா ஊருக்குப் போயிட்டார்ங்கறாங்க. ஊருக்கு வரலையே."

ரேடியோவின் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். அது கோபம் மட்டும் இல்லை. அந்த ஆளை அவர் அவ்வளவு நேசித்திருந்தார். "அவன் பேரைச் சொல்லிக்கிட்டு என் கடைக்கு வராதீங்கம்மா" என்றார். "என்ன பண்ணிட்டுப் போனான்னு தெரியணும்னா, இதோ நிக்கறாளே, இவகிட்டயே கேளுங்க." சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த அம்மா அக்காவைப் பார்த்தாள். எனக்கு அன்று ஒன்றும் தெரியாது. ஏதோ கைமாற்று விவகாரம் என்று நினைத்தேன். அக்கா சாப்பாட்டுக் கேரியரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று புருஷனின் முதுகு காத்துக்கொண்டிருந்தது. உண்மையைச் சொன்னால் மறுநாள் அந்த நாற்காலியில் கான்ட்ராக்டர் உட்காருவார்.

"எதுவானாலும் சொல்லுங்கக்கா. நீங்க சொன்னா நம்பறேன்" என்றாள் அந்த அம்மா.

"என் கையப் புடிச்சு இழுத்தார்" என்றாள் அக்கா. "இவர் கேப்பார்னு பயந்து போயிட்டார்."

அந்த அம்மா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையை வாயில் வைத்து அழுதாள். கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள், என் புருஷன் அப்படிப்பட்டவன் இல்லை என்று சண்டைக்கு வருவாள் என்று நான் எதிர்பார்த்தேன். அவள் அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, வரும்போது இருந்த வாட்டம் முகத்தில் இல்லை.

"அப்படின்னா உயிரோடதான் இருக்கார்" என்றாள். "நான் என்னென்னமோ நினைச்சிட்டேன்க்கா. எங்கயாவது விழுந்து கிடக்காரோ, யாராவது அடிச்சுப் போட்டுட்டாங்களோன்னு ஒரு வருஷமா சோறு இறங்கல. வெக்கப்பட்டுக்கிட்டுத்தான் வீட்டுக்கு வராம இருக்காரா? சரியான பைத்தியக்கார மனுஷன்!"

எழுந்து வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவருக்காக நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்க்கா. மனசுல வெச்சுக்காதீங்க. என்னிக்காவது இந்தப் பக்கம் வந்தார்னா, எனக்குக் கோபமே இல்லைன்னு சொல்லுங்க. புள்ளைங்ககிட்ட இதைப் பத்தி மூச்சு விட மாட்டேன். வந்தா மட்டும் போதும்னு சொல்லுங்க. சொல்வீங்களா?"

அக்கா தலையை ஆட்டினாள். அது போதவில்லை. அந்த அம்மா கையை விடாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சொல்றேன்" என்றாள் அக்கா.